தோட்டப் பாடசாலை ஆசிரியரின் விடுமுறையும் இணையமும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மே மாதத்தில் கிடைப்பது போன்ற நீண்ட கோடை விடுமுறை இலங்கையின் அரச பாடசாலைகளுக்கு இல்லை. ஆண்டு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தவணையும் முடிந்ததும், பொதுவாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில், சில வாரங்கள் ஓய்வு கிடைக்கிறது. 2020இன் கொரோனாவுக்கும் அதன் பின்வந்த பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு இந்த ஒழுங்கும் பல ஆண்டுகள் முன்பின்னாக இழுபட்டது. நுவரெலியாவில் ஏப்ரல் விடுமுறை சித்திரைப் புத்தாண்டோடும் வசந்தகாலக் கொண்டாட்டத்தோடும் குதிரைப் பந்தயத்தோடும் கரைந்துவிடுகிறது; ஆகஸ்டில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை இன்னும் விட்டிருப்பதில்லை; டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையும் குளிரும் சேர்ந்துகொள்கின்றன. கோடையில் ஆசிரியர்கள் செய்யத்தக்கவை என்று மேலைநாடுகளில் எழுதப்படும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டு மாத ஓய்வையும் அறுபடாத இணைய இணைப்பையும் முன்னிபந்தனையாகக் கொண்டவை என்பதால், இவ்விரண்டும் வாய்க்காத தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்குப் பயன்படும் இணைய வளம் எது, அதை எந்த வழியில் வகுப்பறைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, அந்த வளத்தில் மலையகத்துக்கென்று இல்லாமலிருப்பது எது என்ற மூன்று கேள்விகளும் தனியாகவே ஆராயப்பட வேண்டியவை.

தோட்டப் பாடசாலையின் இன்றைய நிலை அதன் வரலாற்றிலிருந்து வந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்திய சட்டம் 1907இல் வந்தபோதும், அதன்படி நடந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் கொட்டில்களாகவே இருந்தன. 1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி அறிமுகமானபோது தோட்டப் பாடசாலைகள் அந்த அமைப்புக்கு வெளியிலேயே விடப்பட்டன. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதைத் தொடர்ந்து 1970களின் பிற்பகுதியில்தான் அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அதாவது நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒப்பிடும்போது ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட தாமதம். கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையும், ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் அமைக்கப்பட்ட ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களை உருவாக்கியபோதும் பற்றாக்குறை தீரவில்லை என்பதற்கு, 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 ஆசிரியர் உதவியாளர்கள் மிகக் குறைந்த மாதாந்தக் கொடுப்பனவில் சேர்த்துக்கொள்ளப்பட்டதே சான்றாகும். பயிற்சி பின்னால் வரட்டும், கற்பித்தல் முன்னால் நடக்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டில் வகுப்பறைக்குள் நுழைந்தவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய நூலகமோ மூத்த பாட ஆசிரியரோ பல பாடசாலைகளில் இருக்கவில்லை. இணைய வளம் இங்கே ஒரு கூடுதல் வசதி என்பதைவிட, இல்லாத நூலகத்துக்கு மாற்று என்பதே பொருத்தம்.

ஆயினும் அந்த மாற்று மலையேறி வருவது எளிதன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பியது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா தொலைக்காட்சியில் வந்தன. வாட்ஸ்அப்பில் வந்த பாடக்குறிப்புகளைத் திறப்பதற்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டையோ மரத்தையோ தேடிப் பிள்ளைகள் ஏறிய காட்சி, ஊவா மாகாணத்தின் பொகிட்டியாவ என்ற கிராமத்திலிருந்து 2021இல் உலகச் செய்தியாகவே போயிற்று. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நிலைமை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் கொழுந்து பறிக்கப் போன தாயோ கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ வைத்திருப்பது, ரீலோட் போட்டால்தான் டேட்டா. ஆகவே வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது இணையத்தைத் திறக்கலாம் என்ற எண்ணத்தில் வகுக்கப்படும் எந்தத் திட்டமும் முதல் மழையிலேயே நின்றுவிடும். விடுமுறையில் ஹட்டனுக்கோ கண்டிக்கோ சொந்த ஊருக்கோ போகும் ஆசிரியர், நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்தில் வேண்டியவற்றைத் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் சேர்த்துக்கொண்டு தவணை தொடங்கும்போது மேலே கொண்டுவருவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

இப்படிக் கொண்டுவருவதற்கென்றே செய்யப்பட்ட கருவிகளும் உண்டு. கிவிக்ஸ் என்பது முழுக் கலைக்களஞ்சியத்தையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தந்து, இணையம் இல்லாமலே கணினியிலும் கைபேசியிலும் திறக்க உதவும் இலவச மென்பொருள்; 2003இல் தொடங்கி இன்று 150,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது. படங்கள் நீக்கப்பட்ட பதிப்பு அளவில் சிறியது என்பதால் பழைய கைபேசியிலும் அடங்கும். பாடசாலையில் ஓடக்கூடிய ஒரேயொரு கணினி இருந்தாலும் போதும். தரம் 8 பிள்ளை ஒருத்தி சந்திர கிரகணத்தைப் பற்றித் தானே தேடி வாசிக்கலாம்.

அரச நிறுவனங்களின் வளங்களுள் பாடநூல்களே முதலில் நினைவுக்கு வருவன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடநூல்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைப்பதால், அச்சிட்ட நூல்கள் தாமதமாக வந்துசேரும் ஆண்டில் தேவையான அலகை மட்டும் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுக்க முடிகிறது. மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள், ஒவ்வொரு பாடவேளைக்கும் எந்தத் தேர்ச்சியை இலக்காகக் கொள்ள வேண்டும், எந்தச் செயற்பாட்டை நடத்தலாம் என்று விளக்குபவை. பயிற்சி பெறாமல் வகுப்பேற்ற ஆசிரியருக்கு இவை கலாசாலையின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் 1 முதல் 13 வரையான பாடங்களும் பயிற்சிகளும் மூன்று மொழிகளிலும் உள்ளன. எல்லாப் பாடங்களிலும் தமிழ்ப் பகுதி சிங்களப் பகுதியளவுக்கு நிறைந்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் அதிகம் பயனுடையதும் மிகக் குறைவாக வாசிக்கப்படுவதும் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை எனப்படும் ஆவணமாகும். சாதாரண தரப் பரீட்சையின் ஒவ்வொரு வினாவுக்கும் நாடு முழுவதும் எத்தனை வீதத்தினர் சரியாக விடையளித்தனர், எந்த இடத்தில் வழுக்கினர், விடைத்தாள் திருத்தியோர் எதைக் கவனித்தனர் என்று அது விரித்துரைக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் யார் தயாரித்தது என்று தெரியாமல் நாளுக்குப் பத்தாக வந்துவிழும் மாதிரி வினாத்தாள்களைச் சேமிப்பதைவிட, தாம் கற்பிக்கும் பாடத்தின் ஓர் அறிக்கையை ஒரு ஏப்ரல் விடுமுறையில் பென்சிலும் கையுமாக வாசித்து முடிப்பது ஓர் ஆசிரியரின் அடுத்த தவணையையே மாற்றிவிடக்கூடும்.

கடல் கடந்து தமிழில் கிடைப்பவையும் நிறைய. தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ்நாட்டு அரசு 2001இல் நிறுவிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய இலக்கிய நூல்களை இலவசமாக வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இயங்கிவருவதோடு அதன் பாடங்கள் இணையத்திலும் உள்ளன. அவற்றை மலையக வகுப்பறையில் அப்படியே ஓடவிடும் ஆசிரியர் விரைவில் ஒரு சிக்கலை எதிர்கொள்வார். தமிழ்நாட்டுப் பாடநூல் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். பரீட்சைத் தாளில் வருவது இலங்கைச் சொல் என்பதால், அந்தப் பாடங்களைக் காட்டுவதற்குமுன் இரண்டு நிரலில் ஒரு சொற்பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. கருத்து புரிந்தும் பிள்ளைக்குப் புள்ளி போவதை அது தடுக்கும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளிடம் தமிழில் பாடக்குறிப்புக் கேட்கும் ஆசிரியர்கள் இன்று பெருகிவருகின்றனர். அவையும் இரு நாட்டுச் சொற்களையும் கலந்து தருவதோடு, தவறான தகவலையும் அதே உறுதியான தொனியில் சொல்லிவிடுபவை என்பதால், பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

மொழிச் சிக்கல் குறைவாகவும் பயன் மிகுதியாகவும் உள்ளது பெட் எனப்படும் ஊடாடும் மாதிரிகளின் தொகுதி. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிவைத்த இத்திட்டத்தில் 150க்கு மேற்பட்ட அறிவியல், கணித மாதிரிகள் உள்ளன. ஊடாடுதல் என்றால் திரையில் தெரியும் பொருளை மாணவரே இழுத்தும் கூட்டியும் குறைத்தும் விளைவைப் பார்ப்பது. அவற்றுள் பலவற்றை ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கி இணையமின்றி இயக்கலாம், பல தமிழிலும் உள்ளன. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் மின்சுற்று மாதிரியைத் திறந்து, மின்குமிழ் ஒன்றுக்கு இரண்டாகத் தொடரில் இணைத்தால் ஒளி ஏன் மங்குகிறது, சமாந்தரமாக இணைத்தால் ஏன் மங்குவதில்லை என்று கேட்கலாம். ஒரே மடிக்கணினியைச் சூழ்ந்து நிற்கும் முப்பது பிள்ளைகளிடம், சுட்டியை அழுத்துவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று எழுதித் தரச் சொல்வதுதான் இதில் ஆசிரியர் செய்ய வேண்டிய பெரிய வேலை. விடுமுறையில் அவர் தயாரித்து வைக்க வேண்டியது அந்தக் கேள்விகளையே.

இதுவரை சொன்னவை எல்லாம் மேலே கொண்டுவர வேண்டியவை. மலையிலேயே இருந்தும் எந்தத் தளத்திலும் பாடமாகக் கிடைக்காதவை வேறு. கொதிநிலை நூறு பாகை செல்சியஸ் என்று பாடநூல் சொல்கிறது. அது கடல்மட்டத்து அமுக்கத்தில் உண்மை. உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைந்து, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குவதால், சுமார் 1,270 மீட்டர் உயரத்திலுள்ள ஹட்டனில் நீர் ஏறத்தாழ 96 பாகையிலும், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதித்துவிடுகிறது. நூறு வரவில்லையே, கருவி பழுதோ என்று நினைத்து வெப்பமானியை வைத்துவிடும் வகுப்பும் உண்டு. உண்மையில் அந்த ஆறு பாகை வித்தியாசமே பாடம். உருகும் பனிக்கட்டியில் வெப்பமானி பூச்சியம் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொண்டு, அதே நாளில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள ஓர் ஆசிரியர் நண்பர் அளந்த அளவைத் தொலைபேசியில் கேட்டு ஒப்பிட்டால், நுவரெலியா வீடுகளில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் காரணம் கிடைத்துவிடும். இந்த ஒப்பீட்டுக்கு இணையத்தில் தேவைப்படுவது ஒரு குறுஞ்செய்தியளவு டேட்டா மட்டுமே.

தேயிலையும் இப்படியே. நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது என்ற ஒரு வரியில் விகிதம், சதவீதம், நீரடக்கம் ஆகிய மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. தொழிற்சாலையில் வாட்டி, உருட்டிய இலை செம்பழுப்பாக மாறுவதை நொதித்தல் என்று சொல்வது வழக்கமானாலும், அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்வதில்லை. இலையின் நொதியங்கள் வளியிலுள்ள ஒட்சிசனோடு நடத்தும் ஒட்சியேற்றமே அது. வெட்டிவைத்த ஆப்பிளோ கத்தரிக்காயோ கறுப்பதும் இதே வினைதான் என்று வகுப்பிலேயே காட்டிவிடலாம். 1925இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் இணையத்தில் உள்ளன; அவற்றை வாசித்து எளிய தமிழில் நான்கு பக்கப் பாடமாக எழுதுவதற்கு ஓர் ஆகஸ்ட் விடுமுறை போதும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழிக்கப்படும் கிலோ கணக்கு, தொழிலாளர்களின் பழைய குறைகளுள் ஒன்று. அது அருமையான கணிதப் பாடம் என்பதில் ஐயமில்லை. எனினும் பிள்ளைகளின் பெற்றோருடைய உண்மைச் சம்பளச் சீட்டுகளை வகுப்பில் விரிக்காமல், கற்பனை எண்களைக் கொண்டே அதை நடத்துவதுதான் முறை.

மழை இவற்றிலும் அவசரமான பாடம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்களை மண் மூடிய பின்னர், மண்சரிவு என்பது மலையகப் பிள்ளைக்குப் புவியியல் பாடநூலின் ஒரு பத்தியாக மட்டும் இருக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களையும் முன்னெச்சரிக்கைகளையும் தன் தளத்தில் வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் எச்சரிக்கை, 150 கடந்தால் வெளியேற்றம் என்பது அது பின்பற்றும் பொது அளவுகோல். மழைமானி ஒன்றைப் பாடசாலையிலேயே செய்துகொள்ளலாம். நேரான பக்கங்களுடைய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனலாகச் செருகி, அடிப்பகுதி சமமாக இராததால் அங்கே சிறு கற்களை இட்டு, நீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் போதும். போத்தலின் வாயும் உடலும் ஒரே அகலமாக இருக்கும்வரை, அதில் ஏறும் நீரின் உயரமே பெய்த மழையின் அளவு. தோட்ட அலுவலகங்கள் பல்லாண்டுகளாக நாளாந்த மழையளவைக் குறித்துவருபவை. துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ கேட்டு ஒரு பழைய ஆண்டின் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டால், வரைபும் சராசரியும் கற்பிக்க அதைவிட நல்ல தரவு எந்தத் தளத்திலும் கிடைக்காது.

இலக்கியம், வரலாறு ஆகியவற்றில் இணையத்திலிருந்து எடுக்கவும் இடமுண்டு, அதற்குக் கொடுக்கவும் இடமுண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இலவசமாக வைத்திருக்கிறது. மலையக எழுத்துகளுக்கும் அதில் நல்ல இடம் உண்டு. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இன் முதலாவது நாடாளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்குப் போன காலத்தை நினைவில் வைத்திருக்கும் பாட்டிகள் இன்னும் லயன்களில் இருக்கிறார்கள். ஒரு கைபேசியும், பக்கத்தில் ரேடியோ ஓடாத ஒரு மாலையும் இருந்தால் அவர்களுடைய தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவுசெய்துவிடலாம். பாடியவரின் பெயரை வெளியிடலாமா, குரலை இணையத்தில் ஏற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டு, அவர் சொன்ன பதிலையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்வது அவசியம். அம்மாயி, ஆயாவைப் பேட்டி காணும் இப்பணியை உயர்தர மாணவர்களிடம் விடுமுறை ஒப்படையாகக் கொடுத்தால், தமிழ்ப் பாடத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் அது ஒருசேரப் பயன்படும்.

சிறு வகுப்பு ஆசிரியர்களுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பொருந்தும். தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளைக் கொண்ட அத்தளம் திறந்த உரிமத்தில் இயங்குகிறது; அதாவது ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டால் எவரும் அந்தக் கதையை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். அங்குள்ள கதைகளில் சென்னை ஆட்டோவும் ராஜஸ்தான் ஒட்டகமும் வருகின்றன; கூடையும் படங்கும் கட்டிப் பனியில் இறங்கும் அம்மா அரிது. தரம் 2 பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பத்துப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி என்ற அளவில் ஒரு கதை எழுதி ஏற்றிவிட்டால், அதை நோர்வூட்டிலோ இராகலையிலோ உள்ள இன்னோர் ஆசிரியர் அதே வாரத்தில் அச்சிட்டுக்கொள்ள முடியும்.

நில வரைபடத்திலும் மலையகம் அரைகுறையாகவே இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடம்; செய்மதிப் படத்தின் மேல் பாதையையும் கட்டடத்தையும் குறித்துப் பெயரிடுவதே அதன் முறை. பெரும்பாலான தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு, டிவிசன்கள் எனப்படும் தோட்டப் பிரிவுகளுக்கும் அப்படியே; வரைபடத்தில் இருப்பது, இருந்தால், ஆங்கிலப் பெயர் மட்டும். கடிதங்கள் இன்றும் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வந்துசேரும், வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாத குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியில், பாடசாலை, கோயில், பிள்ளைக் காம்பரா எனப்படும் குழந்தைகள் காப்பகம், மருந்தகம், குறுக்குப் பாதை ஆகியவற்றைத் தமிழ்ப் பெயரோடு குறிப்பது அம்புலன்ஸ் சாரதிக்கும் உதவும் வேலை. தரம் 10, 11 மாணவர் சிலரும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் சேர்ந்தால், ஒரு டிவிசனை மழையில்லாத இரண்டு மூன்று நாட்களில் நடந்தே முடித்துவிடலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் உள்ளூரில் வழங்கும் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒரு புலத்திலும், அலுவலகப் பெயரை ஆங்கில எழுத்தில் இன்னொரு புலத்திலும் பதிய அத்தளம் இடம் தருகிறது.

விடுமுறையிலும் தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரக் கருத்தரங்குகளுக்கு வலயக் கல்விப் பணிமனை அழைப்பதுண்டு; சம்பளம் போதாமல் தனியார் வகுப்புகளுக்கு ஓடும் ஆசிரியர்களும் பலர். எனவே மேற்கண்டவற்றுள் ஒரு விடுமுறைக்கு ஒன்றைத் தேர்ந்து முடிப்பதே நடக்கக்கூடியது. செய்து முடித்ததைச் சக ஆசிரியர்களுக்கு அனுப்பும்போது தரம், பாடம், அலகின் எண், பாடசாலை இருக்கும் ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பை முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டால், வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிப் பசறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அது யார் ஆக்கியது, எந்த வகுப்புக்கு உரியது என்பது தெரியும். அலகு மாறும் ஆண்டில் திருத்தம் கேட்டு எழுதவும் முடியும்.